பின்சீட்டு வெயிட்டு

பொய்யின்னு நெனக்கிறவங்க நேரா எங்க வூட்டுக்கு வாங்க. வண்டி வாசல்லதான் நிக்குது, சாக்கு போட்டு மூடி. பின்சீட்டுல கைய வெச்சிப் பாருங்க. நான் வெக்க மாட்டேன். நான் தெருவுலயே நின்னுக்கினு, நடந்தத மட்டும் சொல்றேன்.

போன கார்த்திகை. எண்பத்தொண்ணு. தீபம் ஏத்தி மூணு நாளு ஆயிருந்துது, மல மேல இன்னும் எரிஞ்சிக்கினு இருந்துது.

என் பேரு அப்பாசாமி. ஒரு எடத்துல உக்காரச் சொன்னா எனக்கு ஒடம்பெல்லாம் அரிக்கும். ஐ.டி.ஐ.ல சேத்தாங்க, ஓடி வந்துட்டேன். அரிசி மண்டில நிக்க வெச்சாங்க, அங்கயும் ஓடி வந்துட்டேன். வண்டி ஓட்டுற வேலன்னா மட்டும் சோறு தண்ணி வேணாம். அப்படி கெடச்சதுதான் படப்பொட்டி வேல. திருவண்ணாமல தியேட்டருக்கும் கீழ்பென்னாத்தூர் டென்ட் கொட்டாய்க்கும் சேத்து ஒரே ஒரு பிரதிதான். இங்க மொதல் பாதி ஓடி முடிஞ்சதும் அந்தப் பொட்டிய பின்சீட்டுல கட்டிக்கினு அங்க பறக்கணும். எறக்கிட்டு காலியா திரும்பி வரணும். ரெண்டாம் பாதிய கட்டிக்கினு மறுபடியும் பறக்கணும். லேட்டாச்சுன்னா கொட்டாய்ல தரை டிக்கெட்டுக்காரங்க மண்ண வாரி திரையில அடிப்பாங்க.

வண்டி, ரெண்டு சைலன்சர் வெச்ச பழைய வண்டி. செகண்ட் ஹேண்டு. சின்னக்கடத் தெருவுல மெக்கானிக் ஜானி பாஷா பாய்தான் பேசி வாங்கிக் குடுத்தாரு. ஓட ஆரம்பிச்சா ராஜா மாதிரி ஓடும். நின்னா போச்சு. ஆக்சிலேட்டர வுட்டா ஐட்லிங் நிக்காது. டுக்... டுக்... டுடுக்... ஒரு இழுப்பு. செத்துடும்.

அதுவும் எப்பவும் இல்ல. பொட்டி ஏத்திக்கினு போறப்ப ஒண்ணும் ஆவாது. காலியா திரும்பறப்பதான் ஆட்டம் காட்டும். ஏரிக்கரைல இருமும். ரயில்வே கேட்டு மூடி இருந்தா அங்க நின்னதும் ஆஃப் ஆயிடும். அந்த நேரத்துக்கு ஒரு பாசஞ்சர் ரயிலு இருக்குது, அதனால கேட்டு தெனமும் மூடித்தான் இருக்கும்.

பாய் பிளக்க மாத்துனாரு. கார்பரேட்டர கழட்டி பெட்ரோல்ல ஊற வெச்சி ஊதுனாரு. பாயின்ட்ட தேச்சாரு. கன்டன்சரும் புதுசு போட்டாச்சு. டெஸ்ட் போனா அவரு பின்னாடி உக்காந்துக்கினு, கண்ண மூடி என்ஜின் சத்தத்த கேப்பாரு. அதான் அவரு வழக்கம். வண்டி தேன் மாதிரி ஓடும்.

"இன்னாடா கொற இதுல? நீதான் தூக்கத்துல கிளட்ச வுட்டுடுற."

"பாய், காலியா வந்தா நின்னுடுதுங்க பாய்."

"காலியா வந்தா, பொட்டியோட வந்தா... அது வண்டியா, உன் மாமியாரா? போடா."

அன்னிக்கி மொதல் பாதி பொட்டிய எறக்கினதும் கொட்டாய் மொதலாளி இராமலிங்கம் என்ன நிக்க வெச்சி கேட்டாரு. மொதல் நாளு திரையில மண்ணு விழுந்துடிச்சி.

"இன்னிக்கும் லேட்டுன்னா நாளைக்கி வராத. என் மச்சான் மொபெட்டு சொம்மாதான் நிக்குது."

மொபெட்டு! எனக்கு பதிலா ஒரு மொபெட்டு! கிக்கர ஓங்கி ஒதச்சேன். ஸ்டார்ட் ஆச்சு. டுக்... டுடுக்... ஆஃப். மறுபடியும் ஒதச்சேன். ஆஃப்.

டிக்கெட் கிழிக்கிற காசி வந்தான். சொம்மா இல்லாம பின்சீட்டுல ஏறி குந்திக்கினான்.

"நான் ஆசீர்வாதம் பண்றேன், இப்ப ஒத."

ஒதச்சேன். டுடுடுடுடு... தையல் மிஷின் மாதிரி ஓடுது.

"பாத்தியா? உன் வண்டிக்கே என்னதான் புடிக்குது."

எறங்கினான். செத்துப் போச்சு.

"டேய் காசி, மறுபடியும் ஏறு."

ஏறினான். நல்லா ஓடுது. எறங்கினான். செத்துது. மூணு வாட்டி. எனக்கு மண்டைல பல்பு எரிஞ்சிது. வெயிட்டு! பின்சீட்டுல வெயிட்டு இருந்தா ஓடும். இல்லன்னா நின்னுடும். சீட்டுக்கு அடில எங்கயோ ஒயரு லூசு. அமுங்குனா புடிச்சிக்கிது. வேகத்துல ஓடுறப்ப டைனமோ குடுக்குற கரன்ட்டு போதும், நிக்கறப்பதான் பேட்டரி வேணும். அதான்! பாய் பின்னாடி உக்காந்து உக்காந்தே கோளாற மறச்சிருக்காரு!

"என்கூட வாடா, கேட்டு வரைக்கும்."

"டிக்கெட்ட உங்கப்பனா கிழிப்பாரு? போடா."

பிரிச்சிப் பாக்க நேரமில்ல. எட்டே கால். ஆக்சிலேட்டர திருகிப் புடிச்சிக்கினே கெளம்பிட்டேன். எதுர்க்க மல. மேல தீபம், ஒரு பொட்டு மாதிரி.

ஏரிக்கரை வந்துது. அங்க தாரெல்லாம் பேந்து பள்ளமா கெடக்கும். செகண்ட் கியர்ல ஊந்துதான் போவணும். இங்கதான் இருமும்னு தயாரா இருந்தேன்.

இருமல.

டுடுடுடுடு...

பள்ளத்துல வுழுந்து எழுந்தா பின்பக்கம் காலி டின்னு மாதிரி துள்ளும். அன்னிக்கி துள்ளல. அமுங்கி... மெதுவா எழுந்துது.

ஹெட்லைட்டு ரோட்டுல இல்ல. மேல ஏறி புளியமரத்து எலைல அடிக்குது. பின்னாடி ஆளு இருந்தாதான் அப்படி ஏறும்.

பட்... பட்... பட்...

துணி. காத்துல துணி அடிக்கிற சத்தம். என் சட்டைய பேன்ட்டுக்குள்ள வுட்டிருந்தேன்.

காசியா? ஓடி வந்து ஏறிட்டானா? இல்ல. ஆறு மைலு தாண்டிட்டேன்.

திரும்பிப் பாக்கணும்னு கழுத்து துடிக்குது. பாக்கல. மவனே பாக்காதன்னு பல்ல கடிச்சிக்கினேன்.

கேட்டு. மூடி இருந்துது.

நின்னேன். ஆக்சிலேட்டர வுட்டேன். வேணும்னேதான் வுட்டேன். நிக்கட்டும்... செத்துப் போவட்டும்... சாமி, ஆஃப் ஆயிடணும்...

டுடுடுடுடு...

அவ்ளோ அழகா அந்த வண்டி ஐட்லிங்ல நின்னு நான் பாத்ததே இல்ல.

கேட்கீப்பர் இருசப்பன் லாந்தர தூக்கி என்ன பாத்தாரு. எனக்குப் பின்னாடி பாத்தாரு. லாந்தர எறக்கிட்டாரு.

"நீயா ஆஃப் பண்ணாத தம்பி. தன்னால நிக்கும்."

ரயிலு போச்சு. தடக்... தடக்... தடக்... கேட்டு மேல ஏறிச்சு.

ஹெட்லைட்டு எறங்கி வந்து ரோட்டுல வுழுந்துது.

டுக்... டுடுக்... ஆஃப்.

"போ தம்பி. போ. லேட்டாவுது," ன்னாரு. அவ்ளோதான்.

அன்னிக்கி பொட்டி நேரத்துக்குப் போயி சேந்துது. இராமலிங்கம் தட்டிக் குடுத்தாரு.

மறுநாள் விடிஞ்சும் விடியாம பாய் கடைல நின்னேன். சீட்ட கழட்டச் சொன்னேன். இருந்துது. பேட்டரி எர்த் ஒயரு, போல்ட்டுல சொம்மா தொத்திக்கினு.

"யா அல்லா... நானே மேல குந்திக்கினு நானே சத்தம் கேட்டிருக்கேனேடா," ன்னு பாய் தலைல அடிச்சிக்கினாரு. புது வாஷர் போட்டு முறுக்கிக் குடுத்தாரு. காலி வண்டி. டுடுடுடுடு... ஆஃப் ஆவல.

அப்பாடான்னு இருந்துது. ஏரிக்கரைல ஏன் நல்லா ஓடுச்சுன்னு நான் கேக்கல. கோளாறு போச்சு, அதுவும் போச்சுன்னு நெனச்சிக்கினேன்.

அன்னிக்கி ராத்திரி காலியா திரும்பறேன். வண்டி தங்கமா ஓடுது. பாட்டு பாடிக்கினு வந்தேன். ஏரிக்கரை...

ஹெட்லைட்டு மேல ஏறிச்சு.

பாட்ட நிறுத்திட்டேன்.

பட்... பட்...

பாசஞ்சர் அன்னிக்கி லேட்டு. கேட்டு தொறந்து கெடந்துது. நிறுத்தவே இல்ல. முழுசா திருகிட்டேன். இருசப்பன் லாந்தர ஆட்டி என்னவோ கத்துனாரு. காதுல வாங்கல. தியேட்டர் வாசல்லதான் பிரேக் அடிச்சேன். எகிறிக் குதிச்சேன்.

நான் எறங்கினதும் முன்பக்கம் லேசா எழும்பிச்சு. பின்பக்கம் மட்டும் எழும்பல. அமுங்கினாப்பலயே நின்னுது.

பொட்டிய அதுல எடுத்துக்கினு போவல. தியேட்டர் ஆபரேட்டரு புல்லட்ட அந்த ஒரு ராத்திரிக்கி மட்டும் கெஞ்சி வாங்கிக்கினு போனேன். தூக்கம் வரல. மறுநாள் மத்தியானம் நடந்தே கேட்டுக்குப் போனேன்.

இருசப்பன் என்ன பாத்ததும் எழுந்துட்டாரு.

"நேத்து ஏன்யா நிக்காம போன?"

"கேட்டுதான் தொறந்து இருந்துதே."

"அந்த வண்டி யார்து, தெரியுமா?"

"பாய் வாங்கிக் குடுத்தாரு."

"கீழ்பென்னாத்தூர் பரசுராமன்து. தெரிஞ்சிதான் வெச்சிருக்கன்னு நெனச்சேன்..."

ரெண்டு வருசத்துக்கு முன்னாடி, தீபம் ஏத்தி மூணாம் நாளு. பரசுராமன் பொண்டாட்டி ஜோதியம்மாள பின்னாடி உக்கார வெச்சிக்கினு தீபம் பாக்க வந்திருக்கான். ஏரிக்கரைல வண்டி இரும ஆரம்பிச்சிருக்குது. கார்பரேட்டர்ல தூசின்னு நெனச்சி திட்டிக்கினே ஓட்டிக்கினு வந்துட்டான். இந்தக் கேட்டு மூடி இருந்துது. நின்னான். வண்டி ஆஃப் ஆச்சு.

"பாரேன் ஜோதி, மறுபடியும் நின்னுடிச்சின்னு சொல்லிக்கினே திரும்பினான் தம்பி. நான் இங்கதான் நின்னுக்கினு இருந்தேன். பின்னாடி ஆள் இல்ல."

பொடவ சக்கரத்துல மாட்டி ஏரிக்கரைலயே இழுத்துப் போட்டிருக்குது. திரும்பிப் போயி பாக்கறப்ப உயிரு இல்ல.

"போன வருசமும் இப்படித்தான், அந்த மூணாம் நாள்ல இருந்து தீபம் முடியற வரைக்கும் அந்தம்மா இந்த வண்டில கேட்டு வரைக்கும் வரும். எறங்கிடும். கேட்ல நிக்கணும் தம்பி... நீ நிக்கலியே."

தியேட்டருக்கு வந்தேன். சாயங்காலம் ஆயிடிச்சு. ஷெட்டுல வண்டி அப்படியே நிக்குது. எனக்கு ஒண்ணு தெரிஞ்சாவணும். ஸ்பேனர எடுத்தேன். சீட்டுக்கு அடில கைய வுட்டு, பாய் முறுக்குன அந்த போல்ட்ட லூசு பண்ணேன். ஒயரு பழையபடி தொங்கிச்சு.

ஏழே முக்கா. உள்ள இடைவேளை பெல் அடிக்குது.

பக்கவாட்டுல நின்னுக்கினு, மேல ஏறாம, கையாலயே கிக்கர அமுக்கினேன்.

டுடுடுடுடுடுடு...

வுட்டுட்டு பத்தடி தள்ளிப் போனேன்.

டுடுடுடுடுடுடு...

"டேய் அப்பாசாமி! பொட்டிய கட்டுறா, நேரமாச்சு!" ஆபரேட்டரு மொதல் பாதி பொட்டிய என் கைல திணிச்சிட்டுப் போனாரு.

பொட்டி கைல.

பின்சீட்டு எதுர்க்க.

எங்க கட்டுறது?

கீழ்பென்னாத்தூர்ல அன்னிக்கி மண்ணு விழுந்துது. இப்ப மொபெட்டுலதான் பொட்டி போவுது. என் வண்டிய ஆஃப் பண்ணி வூட்டுக்குத் தள்ளிக்கினு வந்தேன். தியேட்டர்ல இருந்து எங்க தெரு வரைக்கும் சமதர. காலி வண்டி.

மூணு எடத்துல நின்னு மூச்சு வாங்கினேன்... அவ்ளோ கனம்.