சுடச்சுட

பிள்ளைகளே, இத்தாலியில் வேலை செய்யும் அம்மா அனுப்பிய வாழ்த்து அட்டையில், சின்னவளின் பெயரைப் போட்டு "பிராவிஸ்ஸிமா" என்று தமிழ் எழுத்தில் எழுதியிருந்தது நினைவிருக்கும். பெரியவள் ஃபோனில் தேடிப் பார்த்து, "மிகச் சிறந்தவள்னு போட்டிருக்குப்பா. அப்ப நான் ரெண்டாவதா?" என்று கேட்டாள். அதன்பிறகு அம்மா அழைத்தபோதெல்லாம் பேச மறுத்தாள்.

அந்த வாரம் டிக்கோயா பஸ்ஸில், சிவப்புக் கம்பளித் தொப்பி போட்ட ஒரு பெண் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். பனி படிந்த கண்ணாடியை முந்தானையால் துடைத்துக்கொண்டே இருந்தார். ஃபோனில் யாரிடமோ இத்தாலிய மொழியில் பேசும்போது அதே சொல்லை அவர் சொன்னதும், கூச்சத்தை விட்டுக் கேட்டேன்.

"அக்கா, அப்படின்னா எல்லாரையும் விடக் கெட்டிக்காரியா?"

"இல்ல தம்பி, அதுக்கு வேற மாதிரி சொல்லுவாங்க. இது ரொம்ப ரொம்பக் கெட்டிக்காரி, அவ்வளவுதான். சுடச்சுடத் தேத்தண்ணி கேக்குறோம்ல, எந்தத் தேத்தண்ணிய விடச் சூடுன்னா கேப்பீங்க?"

"எனக்கு ரெண்டு பொம்பளப் புள்ளைங்கக்கா."

"அப்ப ரெண்டு பேரையும் சேத்துச் சொல்ல கடைசி எழுத்த மாத்துங்க. பிராவிஸ்ஸிமே."

அவர் பெயரை நான் கேட்கவில்லை. இன்றும் தேத்தண்ணி ஊற்றும்போது நன்றியோடு நினைக்கிறேன்.

அன்று நீங்கள் பள்ளியிலிருந்து வருவதற்குள், சுவரிலிருந்த அட்டையைக் கழற்றி, சின்னவளின் பெயருக்குப் பக்கத்தில் பெரியவளின் பெயரையும் எழுதினேன். பிறகு 'மா'வை அடித்துவிட்டு, மேலே 'மே' என்று போட்டேன்.