பெண்கள் அறையில் ஏழு சீட்டுகள்

சொந்த மாமாவைத் தேர்தலில் கவிழ்த்தவள் நான். அப்போது எனக்கு ஒன்பது வயது, ஓட்டுரிமைகூடக் கிடையாது. இன்று அரசியல்வாதிகளைக் கிண்டலடித்து எழுதிக் காலம் தள்ளுகிறேன். ஜனநாயகத்துக்கு நான் நேரடியாகச் செய்த தொண்டு அது ஒன்றுதான் என்பதை மட்டும் இதுவரை எங்கும் எழுதவில்லை.

எங்கள் ஊர் திருவிதாங்கூரோடும், பிறகு திருவிதாங்கூர்-கொச்சியோடும் இருந்த காலம் அது. எங்கள் தொகுதியில் இரண்டு கட்சிகள். ஒன்று நாட்டுக்குச் சுதந்திரம் வாங்கிக் கொடுத்தது. மற்றது எங்களைத் தமிழ்நாட்டோடு சேர்த்துவைக்கப் போராடியது. இன்னொரு கட்சி வேண்டும் என்று யாரும் கேட்கவில்லை. மாமா அந்த இன்னொரு கட்சி. குத்தகைக்கு உழும் பாட்டக்காரனுக்கு நிலம், கடைமடைக்குத் தண்ணீர் என்று அவர் பேசுவதை ஜனங்கள் மரியாதையாகக் கேட்பார்கள். முடிந்ததும் மற்ற இரண்டு கூட்டங்களில் எது முதலில் தொடங்குகிறது என்று அவரிடமே விசாரிப்பார்கள்.

முதல் தடவை அவர் நின்றபோது எனக்கு ஐந்து வயது. ஓட்டுக்கு ஒரு வாரம் இருக்கையில் வில்வண்டியைக் கட்டிக்கொண்டு பேச்சிப்பாறைப் பக்கம் மலையோர ஊர்களுக்குப் போய்விட்டார். அவருடைய மூன்று வயது மகனுக்கு இங்கே காய்ச்சல் கண்டது. மூன்றாம் நாள் ஜன்னி. நாகர்கோவில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வீட்டில் வண்டி இல்லை. இரவல் வண்டி கிடைத்து, ஒழுகினசேரியைத் தாண்டுவதற்குள் மாமியின் மடியிலேயே எல்லாம் முடிந்துவிட்டது.

ஓட்டு நாளன்று ஊர்ப் பெண்கள் அத்தனை பேரும் துட்டி வீட்டில் இருந்தார்கள். ஒருத்தியும் ஓட்டுப்போடப் போகவில்லை. மாமா தோற்றார், யாரும் அதைப் பேசவில்லை. குளத்துப் படித்துறையில் பேசப்பட்டது வேறு.

"வண்டி வீட்டுல நின்னிருந்தா பிள்ள பொழச்சிருக்கும்."

அது மாமாவின் காதிலும் விழுந்தது.

அடுத்த தேர்தலில் மறுபடியும் நின்றார். ஜெயிக்கப்போவதில்லை என்று அவருக்கே தெரியும். "தொகுதி எக்கேடும் கெடட்டு அக்கா. நம்ம ஊர்ப் பொம்பளைய எனக்குப் போட்டாப் போதும்" என்று என் அம்மாவிடம் சொன்னார். ஓட்டைத்தான் கேட்கிறார் என்று நான் நினைத்துக்கொண்டேன்.

அன்று ஓட்டுப்போடும் முறை வேறு. ஒவ்வொரு வேட்பாளருக்கும் தனிப் பெட்டி. பெட்டியின்மேல் அவர் சின்னம். கையில் ஒரு சீட்டைத் தருவார்கள். படுதாவுக்குப் பின்னால் போய், வேண்டியவர் பெட்டியில் போட வேண்டும். மாமாவின் சின்னம் குத்துவிளக்கு. பெண்கள் பூத்துக்குப் போவது இதுவே முதல் தடவை என்பதால், முன்கூட்டியே வீட்டில் பழக்கிவிடலாம் என்று மாமா தீர்மானித்தார். அதற்கு ஒரு பெட்டி தேவைப்பட்டது. மாமியின் அலமாரியில் பெரிய பிஸ்கட் தகரப்பெட்டி ஒன்று இருந்தது. மாமி அதிலிருந்த துணிகளை எடுத்து ஒரு முண்டில் பொதிந்து வைத்தாள். எல்லாம் சின்னச் சின்னச் சட்டைகள். எனக்குப் பற்றாதே என்று மட்டும் தோன்றியது.

மாமா மூடியில் துவாரம் போட உளியை வைத்தார்.

"அதுல ஓட்ட போடாண்டாம்" என்றாள் மாமி.

மாமா அவளைப் பார்த்தார். பிறகு உளியைக் கீழே வைத்துவிட்டு, சுண்ணாம்பால் மூடியில் ஒரு விளக்கை மட்டும் வரைந்தார். "மக்கா, இதுல மேல வச்சாப் போதும். அங்க உள்ள பெட்டியில துவாரம் இருக்கும், சீட்ட அதுக்குள்ள தள்ளணும். இதச் சொல்லிக்குடு, கேட்டியா? பொறவு, உள்ள கண்டத வெளிய ஒருத்தர்கிட்டயும் சொல்லப்பிடாது. எங்கிட்டகூட. அது சட்டம்" என்று என்னிடம் ஒப்படைத்துவிட்டு வெளியூர்க் கூட்டத்துக்குக் கிளம்பினார்.

ஐந்து நாள் வகுப்பு எடுத்தேன். ஊர்ப் பெண்கள் ஒவ்வொருவராக வந்து, வாழை இலைக் கிழிசலைச் சீட்டாகப் பாவித்து, விளக்கின்மேல் வைத்துப் பழகினார்கள். ஒருத்தி தலையிலிருந்த பிச்சிப்பூவைக் கிள்ளி அதன்மேல் வைத்தாள். "விளக்குல்லா" என்றாள். அது எனக்குப் பிடித்துப்போய், பூவையும் பாடத்தில் சேர்த்துக்கொண்டேன். அந்த உற்சாகத்தில் துவாரம் பற்றிய வாக்கியம் விட்டுப்போயிற்று.

ஓட்டு நாளில் மாமி என்னையும் கூட்டிக்கொண்டு போனாள். அதிகாரி புருஷன் பெயரைக் கேட்பார். மாமி அதை வாயால் சொல்ல மாட்டாள். சொல்வதற்கு ஒரு ஆள் வேண்டும். பெண்கள் அறையில் இருந்த அதிகாரி கேட்டார். மாமாவின் பெயரை நான் கணீரென்று சொன்னேன். வடக்கேயிருந்து வந்த அந்த அதிகாரி, மாமியையும் என்னையும் மாறிமாறிப் பார்த்துவிட்டுச் சீட்டைக் கொடுத்தார்.

படுதாவுக்குப் பின்னால் பெஞ்சில் மூன்று பெட்டிகள். விளக்குப் பெட்டியின்மேல் சீட்டுகள் குவிந்து கிடந்தன. அவற்றின்மேல் பிச்சிப்பூ. என் மாணவிகள் ஒருத்திகூடச் சோடை போகவில்லை. எனக்குப் பெருமை தாங்கவில்லை.

மாமி பெட்டியின் அருகில் போனாள். விரலால் பூவை ஒதுக்கினாள். கீழே துவாரம் இருந்தது. அதைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு சரியவிருந்த சீட்டுகளை ஒன்றாக அடுக்கி, தன் சீட்டையும் அவற்றின்மேல் வைத்து, பூவைப் பழையபடி எடுத்து வைத்தாள். வெளியே வந்ததும், "உள்ள கண்டது உள்ளோட" என்றாள். சட்டம் எனக்குத் தெரியாதா?

பெட்டிக்குள் விழாத சீட்டு செல்லாது. நாகர்கோவிலில் எண்ணினார்கள். எங்கள் ஊர்ப் பெண்கள் அறையிலிருந்து வந்த விளக்குப் பெட்டியில் ஏழே சீட்டுகள், என் வகுப்புக்கு வராதவர்கள் போட்டவை.

மறுநாள் பெண்கள் கூட்டமாக வந்தார்கள். "வெளக்குக்குத்தான் போட்டோம் அண்ணாச்சி. அம்மன் சத்தியமா" என்று அழுதார்கள். மாமா தலையாட்டினார். "சத்தியம் ஒண்ணும் வேண்டாம் பிள்ளையளா. எனக்கு மனசிலாச்சு" என்றார். நான் கதவோரம் நின்றேன். கண்டதைச் சொல்லக்கூடாது, அவரிடம்கூட.

அதன்பிறகு மாமா தெருவழியாக நடந்ததில்லை. வயலுக்குப் போவதென்றாலும் வீட்டுக்குப் பின்புறம் கால்வாய்க் கரையைச் சுற்றித்தான் போனார். நாங்கள் தமிழ்நாட்டோடு சேர்ந்த அன்று ஊரே வெடி போட்டது. அவர் பின்வாசலைத் திறந்துகொண்டு வயலுக்குப் போனார். சாகும்வரை அந்த வழிதான். குளத்துப் பெண்கள் எப்போதோ அவரை மன்னித்திருந்ததும், அந்த மன்னிப்பு பூவோடு ஒரு பெட்டியின்மேல் கிடந்ததும் அவருக்குத் தெரியாமலே போயிற்று. எனக்குத் தெரிந்திருந்தது. அது என்னவென்றுதான் தெரியவில்லை.

அவர் போய்ப் பல வருடங்களுக்குப் பிறகு, மாமியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். வகுப்பு, விட்டுப்போன வாக்கியம், சட்டம், எல்லாம். சொல்லும்போதே அழுதுவிட்டேன். பழைய தகரப்பெட்டி அலமாரியில் அதே இடத்தில், மூடியில் ஓட்டையில்லாமல் இருந்தது. மாமி முறத்திலிருந்து கண்ணை எடுக்காமல் அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள்.

"சொல்லாததே கொள்ளாம் மக்கா" என்றாள். "சொல்லியிருந்தா மூணாவது தடவையும் நின்னிருப்பாரு."