செல்வராஜ் என்று புதைத்தார்கள்

சவூதியில், அல் கோபாரில் ஓர் அமெரிக்க இன்ஜினீயருக்கு டிரைவராக இருந்தேன். அவருடைய பூட்டன் நூறு வருடத்துக்கு முன் அயோவாவில் விவசாயியாம். கல்லறையில் இருந்த பெயரை வைத்தே அந்தப் பூட்டனின் பிள்ளைகள், பேரன்கள் எல்லோரையும் கண்டுபிடித்ததாக வண்டியில் தினமும் சொல்வார்.

ரூமில் அதைச் சொன்னால், என்னோடு தங்கியிருந்த கட்டட வேலைக்காரன் மாரிமுத்து சிரிப்பான். "செத்தவனைத் தேடுறாரு துரை. நம்மள உயிரோடவே எவனும் தேட மாட்டேங்கிறான்!"

அவன் செல்வராஜ் என்ற வேறொருவனின் பாஸ்போர்ட்டில் படத்தை மாற்றி வந்தவன். பயத்தில் சொந்த ஊரைக்கூட எங்களிடம் சொன்னதில்லை. ஒருநாள் சைட்டில் சாரத்திலிருந்து விழுந்து செத்தான்.

அவன் கம்பெனி டைம்கீப்பரிடம் கெஞ்சினேன். "அண்ணே, அவன் செல்வராஜ் இல்ல, மாரிமுத்து. பேரையாவது சரியா எழுதிப் புதைங்க."

"பாஸ்போர்ட்ல இருக்கிறதுதான்டா பேரு. கலாஸ், முடிஞ்சுது."

மறுநாளும் துரை பூட்டனைப் பற்றிப் பேசினார். நான் ரோட்டைப் பார்த்து ஓட்டினேன்.

மாரிமுத்துவுக்கு ஒரு மகள் உண்டு. அவள் வளர்ந்து வந்து கேட்டாலும், அந்தப் பெயரில் இங்கே யாரும் சாகவில்லை என்றுதான் சொல்வார்கள்.