சார்ட்டில் ஒரு கட்டம்

ஹைதராபாத்துக்கு நான் வந்ததே உலகம் அழியப்போகிறது என்ற பயத்தால்தான். கேலி இல்லை. இரண்டாயிரம் பிறந்ததும் கம்ப்யூட்டர்கள் தேதி தெரியாமல் விழிக்கும், பாங்கும் ரயிலும் கரண்டும் படுத்துவிடும் என்று ஊரெல்லாம் அலறியதே, அதைச் சரிபண்ண ஆள் எடுத்தார்கள். திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து பெட்டியோடு மல்காஜ்கிரியில் வந்து இறங்கினேன். ஜனவரி வந்தது, ஒன்றும் படுக்கவில்லை. அப்போதாவது எனக்குப் புத்தி வந்திருக்க வேண்டும். வந்தால்தானே!

ஆபீஸ் பழக்கம் வேதத்துக்குள்ளும் புகுந்தது. பைபிளின் கடைசிப் புத்தகமான வெளிப்படுத்தின விசேஷத்தை ப்ரோக்ராம் படிக்கிற மாதிரி படித்தேன். ஏழு தலை மிருகமா, அது எந்த நாடு? பத்துக் கொம்பா, யார் அந்தப் பத்து ராஜாக்கள்? வெட்டுக்கிளியா, ஹெலிகாப்டர். ஒரு கட்டம் காலியாக இருந்தால் எனக்குச் சோறு இறங்காது. சனிக்கிழமை சாயங்காலம் எங்கள் வீட்டில் தமிழ் ஜெபக்கூட்டம். லாலாகுடா ரயில்வே குவார்ட்டர்ஸ் குடும்பங்கள் சில, என்னைப் போன்ற கம்ப்யூட்டர்காரர்கள் சிலர். சுவர் முழுக்க நான் ஒட்டிய சார்ட். இடது பக்கம் தரிசனம், வலது பக்கம் பேப்பரில் வெட்டிய செய்தி. பிள்ளைகள் மாடிப்படியில் "ஒச்சேசிந்தி, ஒச்சேசிந்தி" என்று தெலுங்கில் கத்திக்கொண்டு மிருகம் வந்துவிட்ட விளையாட்டு விளையாடும்.

கையிலோ நெற்றியிலோ மிருகத்தின் முத்திரை வாங்குவதைப் பற்றி வருகிறதே, அதற்கு எதிரே நான் எழுதியது 'சிப்'. கழுத்தில் தொங்கிய ஆபீஸ் அட்டையைத் தூக்கிக் காட்டி, "இன்னைக்குக் கழுத்துல, நாளைக்குத் தோலுக்குள்ள. மண்டையில நம்பரோட ஒரு சிப் வைப்பாங்க. அதை வாங்கிக்கிட்டவன் நரகத்துக்குப் போனான்" என்றேன். எல்லோரும் ஸ்தோத்திரம் சொன்னார்கள். எனக்கு அதில் ஒரு கிறக்கம் இருந்தது, மறைப்பானேன்.

முன்னால் என் தங்கச்சி உட்கார்ந்திருப்பாள், மடியில் ஒரு வயசுப் பெண்குழந்தை. அவள் வீட்டுக்காரருக்கு நாச்சாரத்தில் ஒரு கம்பெனியில் வேலை. நான் குரலை உயர்த்தினால் மற்றக் குழந்தைகள் திடுக்கிட்டு அழும், அது மட்டும் அசையாமல் தூங்கும். "மாமா பேச்சுல நிம்மதியாத் தூங்குறது இது ஒண்ணுதான்" என்று எல்லோர் முன்னாலும் கிண்டல் பண்ணினேன். பாவி நான்.

குழந்தைக்குப் பிறவியிலேயே காது கேட்காது என்று சிக்கந்தராபாத்தில் பரிசோதித்துச் சொன்னார்கள். காதுக்குப் பின்னால் தோலுக்கடியில் ஒரு கருவியைப் பதித்தால் கேட்கும், பேச்சும் வரும். ஆனால் இரண்டு வயசுக்குள் வைத்தால் நல்லது, மிஞ்சினால் மூன்று. அதற்குமேல் தள்ளிப்போட்டால் சத்தம் சத்தமாகவே நின்றுவிடும், வார்த்தையாக மாறாது என்றார் டாக்டர். செலவுக்கும் ஒரு தர்ம ஸ்தாபனம் முன்வந்தது. தேதி குறிக்க வேண்டியதுதான் பாக்கி.

தங்கச்சி கருவியின் படம் போட்ட தாளோடு என்னிடம் வந்தாள். "அண்ணே, மண்டையில சிப்புதான் வைக்காங்களாம். நம்பரும் இருக்காம். இது அதுவாண்ணே?"

இல்லை என்று அந்த நிமிஷமே எனக்குத் தெரியும். ஒரு பச்சைக் குழந்தையின் காதுக்கும் மிருகத்தை வணங்குவதற்கும் என்ன சம்பந்தம்? ஆனால் இல்லை என்றால் சார்ட்டில் அந்தக் கட்டத்தை அடிக்க வேண்டும். அதை அடித்தால் பக்கத்துக் கட்டமும் ஆடும். சனிக்கிழமை வருகிறவர்கள் என்ன நினைப்பார்கள்? "அவசரப்படாதம்மா. ஜெபிப்போம். ஆண்டவர் காட்டுவாரு" என்றேன். "சரிண்ணே" என்று தாளை நாலாக மடித்துக்கொண்டு போனாள்.

மாப்பிள்ளை பொறுக்கமாட்டாமல் சபை ஐயரிடம் போயிருக்கிறார். எங்கள் பக்கம் பாதிரியாரை ஐயர் என்றுதான் சொல்வோம். ஐயர் என் வீட்டுக்கே வந்தார். "தம்பி, வெளிப்படுத்தின விசேஷம் ரோம ராஜாகிட்ட அடிபட்டுக் கிடந்த சின்னச் சின்ன சபைகளுக்கு வந்த ஆறுதல் கடிதம். மிருகம் யாருன்னு அவங்களுக்குத் தெரியும். நீ யாரைக் கும்பிடுறன்னுதான் முத்திரை கேக்குது, உன் தோலுக்குள்ள என்ன இருக்குன்னு இல்ல. பயந்தவங்களைத் தேத்த வந்த புத்தகத்தை வச்சு நீங்க பயங்காட்டுறீங்க. பிள்ளையை அனுப்புங்க." நான் காபிகூடக் கொடுக்காமல் அவரை அனுப்பினேன். படித்தவர்கள் விசுவாசத்தை ஆறப்போட்டுவிட்டார்கள் என்று அடுத்த சனிக்கிழமை முக்கால் மணி நேரம் பேசினேன். குழந்தைக்கு அப்போது இரண்டரை.

மூன்றானது, நாலானது. ஒவ்வொரு மாசமும் தங்கச்சி கேட்பாள், நான் ஜெபிப்போம் என்பேன். கடைசியில் மாப்பிள்ளை என் வாசலில் நின்று, தெருவே பார்க்கக் கத்தினார். "மச்சான், ஆமான்னு சொல்லுங்க, இல்லாட்டி இல்லைன்னு சொல்லுங்க. ஜெபிப்போம்னு மட்டும் சொல்லாதீங்க!" அது முத்திரை இல்லை என்று அன்றைக்குத்தான் வாயைத் திறந்தேன். ஐந்து வயசில் ஆபரேஷன் நடந்தது.

கருவியை முதன்முதலில் இயக்கிய அன்று நானும் அந்த அறையில் இருந்தேன். தங்கச்சி மெதுவாக "பாப்பா" என்றாள். பிள்ளை வீறிட்டு அலறி, காதில் மாட்டியிருந்த வெளிப்பாகத்தைப் பிய்த்து எறிந்தது. அப்புறம் இரண்டு வருஷம் தினமும் பஸ் ஏறிப் பயிற்சிக்குக் கூட்டிப்போனாள். கதவு தட்டினால் திரும்பும், குக்கர் விசிலுக்குத் திரும்பும். அம்மா என்று ஒருநாளும் சொல்லவில்லை. "கொஞ்சம் முன்னாடி வந்திருக்கலாமேம்மா" என்றாளாம் பயிற்சி கொடுத்த பெண். நான் சார்ட்டைக் கிழித்தேன், கூட்டத்தை நிறுத்தினேன். அதனால் யாருக்கு என்ன?

பிள்ளைக்கு ஒன்பது வயசானபோது ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர்கள் வீட்டுக்குப் போனேன். காது கேளாதோர் பள்ளியில் படித்துக்கொண்டிருந்தாள். எதிரே இருப்பவர் வாயசைவைப் பார்த்தே பாதி புரிந்துகொள்வாள். சாப்பிட்டு முடித்ததும் தங்கச்சியிடம் சொன்னேன். "நீ கேட்ட அன்னைக்கே எனக்குத் தெரியும்மா. அது இல்லைன்னு தெரிஞ்சேதான் சொல்லாம இருந்தேன்." இத்தனை வருஷம் அண்ணனுக்கும் தெரியாமல் போயிற்று என்றுதான் அவள் நினைத்திருக்கிறாள். கையில் இருந்த தட்டைக் கீழே வைத்தாள்.

எங்கள் ஜனத்தில், வீட்டுக்கு வந்தவர் ஒரு வேதபாகம் வாசித்து ஜெபம் பண்ணிவிட்டுத்தான் கிளம்புவார். பழக்க தோஷத்தில் அலமாரியில் இருந்த பைபிளுக்குக் கை நீட்டினேன். தங்கச்சி அதன்மேல் கையை வைத்துக்கொண்டாள்.

"வாசிக்க வேண்டாம்ணே. ஜெபம் மட்டும் பண்ணிட்டுப் போ."

எல்லோரும் முழங்கால் போட்டார்கள். கண்ணை மூடினேன். ஒரு வார்த்தை வரவில்லை. எவ்வளவு நேரமோ தெரியவில்லை, கண்ணைத் திறந்தபோது தங்கச்சியும் மாப்பிள்ளையும் தலையைக் குனிந்திருந்தார்கள். பிள்ளை மட்டும், நான் என்ன சொல்லப்போகிறேன் என்று என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.