பதினான்கு வருடம் பிடித்துக்கொண்டிருந்த பிரேக்

விஜிதாவின் முன்பற்கள் இரண்டும் அவள் கையாலேயே செய்தவை. யாராவது உற்றுப் பார்த்தால் அவளே உதட்டைத் தூக்கிக் காட்டுவாள். "இது ரெண்டும் டூப்பு. மத்ததெல்லாம் அம்மா குடுத்தது."

அலுவிகாரையில் பெரிய வீதியிலிருந்து உள்ளே இறங்கும் ஒழுங்கையில் அவள் வீடு. முன்னறைதான் பட்டறை. மாத்தளை டவுனில் இருக்கும் இரண்டு பல் வைத்தியர்கள் ஆட்களின் வாயில் அச்செடுத்து அனுப்புவார்கள். அவள் அதைச் சாந்தில் வார்த்து, மெழுகில் பல் அடுக்கி, கட்டி முடித்துக் கொடுப்பாள். முத்துமாரியம்மன் கோயில் தேருக்குப் போனால் சாமியைப் பார்ப்பதைவிட சனங்களின் வாயைப் பார்ப்பதுதான் அதிகம். "அந்த மஞ்சச் சேலை அக்கா சிரிக்கிறாங்க பாருங்க, மேல்வரிசை நான் செஞ்சது" என்று கணவன் காதில் சொல்லிவிட்டுத் தானும் சிரிப்பாள்.

அவள் அப்படிச் சிரிக்கும்போது யோகேந்திரனின் கண் ஒரு கணம் வேறு பக்கம் போகும். தேரைப் பார்ப்பான், செருப்பைப் பார்ப்பான். அவளுக்கு மட்டும் தெரியும், பதினான்கு வருடமாக அது அப்படித்தான்.

அப்போது கலியாணமாகி மூன்றாவது வருடம். யோகேந்திரனுக்கு மாத்தளை தபால் கந்தோரில் வேலை. விஜிதா தோட்டத்துப் பிள்ளைகளுக்குப் பாலர் வகுப்பு எடுத்துக்கொண்டிருந்தாள். அவனிடம் ஒரு பைக் இருந்தது. எழுபத்தொன்பதாம் ஆண்டு ஜப்பானில் செய்தது, கருநீலப் பெட்ரோல் தாங்கி, முன்சில்லில் டிஸ்க் பிரேக். யாரோ ஒரு தோட்டத்துரை வைத்திருந்து, கைமாறிக் கைமாறி இவனிடம் வந்தது. அதைத் துடைக்கும் துணியைக்கூட தனியாகத் துவைத்து வைப்பான்.

ஐப்பசி மழையில் ஒரு நாள், அவள் அம்மா வீட்டிலிருந்து ரத்தோட்டை இறக்கத்தில் இருவரும் வந்துகொண்டிருந்தார்கள். வளைவில் ஒரு மாடு நின்றது. அவன் பிரேக்கை அமத்தினான். லீவர் எந்த எதிர்ப்பும் இல்லாமல் கைப்பிடியோடு போய் ஒட்டிக்கொண்டது. மாட்டைத் தப்பி, மதகுச் சுவரில் மோதி, அவள் அவன் தலைக்கு மேலால் பறந்தாள்.

அவனுக்கு முழங்கையில் சிராய்ப்பு. அவளுக்கு உதட்டில் ஆறு தையல், இரண்டு பல் போய்விட்டது. ஆஸ்பத்திரியில் அவள் கண் விழித்தபோது அவன் தன் கைக்குட்டையை, அந்தக் கோடு போட்ட லேஞ்சியை, விரித்து டாக்டரிடம் நீட்டிக்கொண்டு நின்றான். உள்ளே அந்த இரண்டு பல். மழையில் புல்லுக்குள் தேடி எடுத்திருக்கிறான். "இத திரும்ப வச்சிரலாமா சார்?" என்று கேட்டான். டாக்டர் இல்லை என்று சொன்னதும் அழுதான். விஜிதாவுக்கு அந்த நாளில் வலித்தது எதுவும் இப்போது நினைவில் இல்லை. அந்த லேஞ்சி மட்டும் நினைவிருக்கிறது.

பிறகு நடந்ததை அவள் தன் அதிர்ஷ்டம் என்றுதான் சொல்வாள். திருகோணமலை வீதியில் பல் கட்டுகிற ஒருவரிடம் போனாள். அவர் வைத்துக் காட்டிய பல் சுண்ணாம்பு மாதிரி வெள்ளையாக இருந்தது, நீளமும் சரியில்லை. மூன்று தடவை திருப்பி அனுப்பினாள். நாலாவது தடவை அவர் எரிச்சலோடு மெழுகுக் கத்தியை அவள் கையில் கொடுத்து, "அப்ப நீயே செய்யம்மா" என்றார். செய்தாள். அவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, அடுத்த திங்கட்கிழமை வேலைக்கு வரச் சொன்னார். அந்தத் தொழில்தான் இன்றைக்கு அவளுக்கு வீடும் பேரும்.

யோகேந்திரன் அந்த பைக்கை மறுபடி தொடவில்லை. விற்கவும் இல்லை. வீட்டுக்குப் பின்னால் கொட்டிலில் தார்ப்பாய் போட்டு மூடினான். அன்றிலிருந்து பஸ்ஸில் போனான், பஸ்ஸில் வந்தான்.

போன வருடம் மார்கழி மழையில் கொட்டிலின் கூரை ஒரு பக்கம் சரிந்தது. பைக்கை வெளியே எடுக்க இருவரும் தள்ளினார்கள். அசையவில்லை. முன்சில்லு பூமியோடு சேர்த்து ஆணி அடித்தது மாதிரி நின்றது.

"பழைய இரும்பு எடுக்கிறவனுக்குக் குடுத்திருவோம்" என்றான் யோகேந்திரன், சுவரைப் பார்த்துக்கொண்டு.

"ஏன், சில்லு சுத்தலன்னா?"

"சுத்தி என்ன செய்யப் போறோம், விஜி?"

அவள் குனிந்து சில்லைப் பார்த்தாள். சில்லோடு சுற்றும் தட்டை இரண்டு பக்கமும் கவ்விப் பிடிக்கும் அலுமினியக் கட்டை, அதுதான் கலிப்பர், வெள்ளைப் பூஞ்சணம் பிடித்தது மாதிரி உப்பிப்போய் இருந்தது. பல்லில் காரை ஏறியது போல. அவளுக்குக் கை துறுதுறுத்தது. அது மட்டுமல்ல காரணம். இதைத் திறந்து பார்த்தால் அன்றைக்கு ஏன் பிரேக் பிடிக்கவில்லை என்று தெரியவரும். அவன் மேல் பிழை இல்லை என்று உள்ளே எங்கேயாவது எழுதியிருக்கும். அதை எடுத்து அவன் கையில் கொடுத்துவிடலாம் என்று அவள் நினைத்தாள்.

மறுநாள் அவன் வேலைக்குப் போனபின் கலிப்பரைக் கழற்றித் துணியில் சுற்றி, கொங்காவெலப் பக்கம் இருக்கும் லாபிரின் கராஜுக்குக் கொண்டுபோனாள். லாபிருக்கு அறுபது வயது இருக்கும். அந்தக் காலத்தில் யோகேந்திரனின் பைக்கைப் பழுதுபார்த்து வந்தவரும் அவர்தான்.

"தங்கச்சி, இதுக்குப் புதுசு இப்ப எங்கயும் கிடைக்காது" என்றார். "உள்ளுக்கு இருந்து தட்டை அமத்துற பிஸ்டன் வெளிய வந்தா பார்க்கலாம்."

காற்றடித்துத் தள்ளினால் பிஸ்டன் துவக்குக் குண்டு மாதிரி பாயும், விரல் போய்விடும் என்று சொல்லி, பிரேக் ஒயில் வரும் துவாரத்தில் கிரீஸ் பம்பை மாட்டி மெல்ல மெல்ல அமுக்கினார். முக்கால் மணி நேரம். கடைசியில் முனகலோடு வெளியே வந்தது. சுற்றிலும் துருவும் பள்ளமும். உள்ளே பழைய ஒயில் கறுத்து, காய்ச்சின சீனிப்பாணி மாதிரி இறுகிக் கிடந்தது.

விஜிதா கேட்டாள். "நானா, அன்னைக்கு ஏன் பிடிக்கலன்னு இதப் பார்த்துச் சொல்ல ஏலுமா?"

லாபிர் பிஸ்டனை வெளிச்சத்தில் திருப்பினார். "ஒயில் கசிஞ்சிருக்கலாம், காத்துப் பூந்திருக்கலாம், ஒயில்ல தண்ணி சேர்ந்து கொதிச்சிருக்கலாம். பதினாலு வருசத் துரு, தங்கச்சி. எல்லாத்தையும் தின்னுட்டு." பிறகு அவள் முகத்தைப் பார்க்காமல் சொன்னார். "வேணும்னா நான் சொல்றேன், உள்ளுக்கு ரப்பர் வெடிச்சிருந்திச்சு, யாராலயும் கண்டுபிடிச்சிருக்க ஏலாதுன்னு. உங்க மனுசன் என் பேச்ச நம்புவார்."

வீட்டுக்கு வரும்வரை பஸ்ஸில் அவள் அதையே யோசித்தாள். நல்ல பொய். யாருக்கும் நட்டமில்லாத பொய். ஆனால் அளவு பிழையான பல்லை வெளிப்பார்வைக்கு அழகாக வைத்து அனுப்பினால் என்ன நடக்கும் என்று அவளைவிடத் தெரிந்தவர்கள் மாத்தளையில் இல்லை. வேண்டாம் என்று முடிவெடுத்தாள்.

புது பிஸ்டனை லேத் கடையில் துருப்பிடிக்காத இரும்பில் கடைந்து வாங்கினாள். ரப்பர் வளையத்தை லாபிர் கண்டியிலிருந்து எடுப்பித்துக் கொடுத்தார். மிச்ச வேலை அவளுடைய மேசையில் நடந்தது. பல் தேய்க்கும் மெசினில் சின்னத் தூரிகை மாட்டிக் கட்டையின் பூஞ்சணத்தைச் சுரண்டினாள், கொக்கிக் கம்பியால் மூலை முடுக்கெல்லாம் குடைந்தாள். ஒரு பக்கம் யாரோ ஒருவரின் கீழ்வரிசை, மறுபக்கம் கலிப்பர். யோகேந்திரன் தேநீர் கொண்டுவந்து வைப்பான், கலிப்பரைப் பார்க்காமல் போவான்.

முதல் தடவை பூட்டியபோது சரிவரவில்லை. லீவரை அமத்தினால் பிடித்தது, விட்டால் விடவில்லை. பிஸ்டன் ஒரு மயிரிழையாவது பின்வாங்க வேண்டும், வாங்கவில்லை. "பழசுதானே தங்கச்சி, இவ்வளவுதான்" என்றார் லாபிர் போனில்.

விஜிதா ஒத்துக்கொள்ளவில்லை. புதுப் பல் போட்டவர்கள் "முரசு நோகுது" என்று ஈறைக் காட்டிக்கொண்டு வந்தால், அவர்கள் வாயை அவள் குறை சொல்வதில்லை. நோகிற இடத்தைத் தேடுவாள். பல்லில் நீல மைக் கடதாசி வைத்து வைத்தியர்கள் கடிக்கச் சொல்வார்கள், எங்கே அழுத்துகிறதோ அங்கே நிறம் காட்டிக்கொடுக்கும். அவள் அதே நீல மையை பிஸ்டனைச் சுற்றி மெல்லியதாகப் பூசி, உள்ளே தள்ளி, வெளியே எடுத்தாள். ஒரு பக்கம் மட்டும் பிறை வடிவில் நீலம் துடைபட்டிருந்தது. ரப்பர் வளையம் உட்காரும் பள்ளத்தில் அந்த இடத்தைக் கண்ணாடி வைத்துப் பார்த்தாள். அலுமினிய நிறத்திலேயே ஒரு காரை, கல் மாதிரி. சுத்தமான இடம் என்று நினைத்து விட்டுவிட்டிருக்கிறாள். அது ரப்பரை நெருக்கிப் பிஸ்டனை இறுக்கியிருக்கிறது. ஒரு பகல் முழுக்க இருந்து அதை உரித்து எடுத்தாள்.

திரும்பவும் பூட்டியாயிற்று. இனி ஒயில் ஊற்றிக் காற்றை வெளியேற்ற வேண்டும். அதற்கு ஒருத்தி போதாது. ஒருவர் லீவரை அமத்த, மற்றவர் கீழே கலிப்பரின் திருகாணியைத் திறந்து மூட வேண்டும்.

அன்று ஞாயிற்றுக்கிழமை. "என்னங்க, கொஞ்சம் வாங்க" என்று கூப்பிட்டாள்.

யோகேந்திரன் வந்து நின்றான். கையை இடுப்புச் சாரத்தில் துடைத்தான். இன்னொரு தடவை துடைத்தான். பிறகு லீவரில் நாலு விரலை வைத்தான்.

"அமத்துங்க. பிடிச்சுக்கங்க. ம், விடுங்க."

திருகாணியில் மாட்டிய குழாய் வழியே, கீழே வைத்த போத்தலுக்குள் குமிழி குமிழியாக வந்தது. நாலைந்து தடவைக்குப் பின் அவன் கேட்டான். "ஏன்னு தெரிஞ்சுதா?"

"இல்லங்க. பார்த்தேன், ஒண்ணும் தெரியல."

அவன் லீவரைப் பிடித்தபடியே நின்றான். "அதுக்கு முந்தின கிழம லாபிர் நானா சொன்னாரு, பிரேக் ஒயில் கறுத்திருக்கு, மாத்துங்கன்னு. அடுத்த மாசம் பார்ப்போம்னு விட்டுட்டேன் விஜி. நீ பின்னால இருந்தும் விட்டுட்டேன்."

லாபிர் ஏன் அன்று அவள் முகத்தைப் பார்க்கவில்லை என்று விஜிதாவுக்கு இப்போதுதான் விளங்கியது. கோபம் வந்தது. பல்லுக்காக இல்லை. இதை ஒரு கல்லைப் போல வாய்க்குள் அடக்கிக்கொண்டு பதினான்கு வருடம் பஸ் ஏறி இறங்கியிருக்கிறானே, அதற்கு.

"அன்னைக்கே சொல்லியிருந்தா அன்னைக்கே நல்லா ஏசியிருப்பேன்" என்றாள். "ஒரு கிழம சோறு போட்டிருக்க மாட்டேன். அதோட முடிஞ்சிருக்கும்."

"இப்ப ஏசு."

"இப்ப கையில வேல இருக்கு. அமத்துங்க."

அமத்தினான். அவன் கண் கலங்கியிருந்தது. அவளுக்கும்தான். ஆனால் பிரேக் ஒயில் பட்ட கையால் கண்ணைத் துடைக்கக்கூடாது என்பதால் இருவரும் அப்படியே விட்டுவிட்டார்கள். குமிழிகள் குறைந்து, நின்று, தெளிந்த ஒயில் மட்டும் வந்தது. அவள் திருகாணியை இறுக்கினாள். அவன் இன்னொரு தடவை அமத்தினான். லீவர் பாதி வழியில் கெட்டியாக நின்றது.

"நிக்குது" என்றான் சின்னக் குரலில்.

"சில்லச் சுத்துறேன், பிடிங்க." பிடித்தது. "விடுங்க." விட்டது. சில்லு தானாகச் சுற்றிக்கொண்டேயிருந்தது. விஜிதா வாய் முழுக்கச் சிரித்தாள். அவன் அவளையே பார்த்தான். சில்லைப் பார்க்கவில்லை, சுவரைப் பார்க்கவில்லை.

எஞ்சினையும் வயர்களையும் லாபிர் வந்து சரிசெய்ய, வரிப்பத்திரமும் காப்புறுதியும் எடுக்க, இரண்டு மாதம் ஓடியது. முதல் நாள் யோகேந்திரன் ஒழுங்கைக்குள்ளேயே பத்துத் தடவை போய்ப் போய் பிரேக் பிடித்துப் பார்த்தான். பக்கத்து வீட்டுச் சிங்கள அம்மா வெளியே வந்து, "மொகத மஹத்தயா, என்ன, பைக்கில ஏதாவது பிழையா?" என்று பாதி சிங்களத்திலும் பாதி தமிழிலும் விசாரித்தாள். அடுத்த வாரம் விஜிதாவை ஏற்றிக்கொண்டு டவுனுக்குப் போனான், சைக்கிள்காரர்கள் முந்திப்போகிற வேகத்தில். ரத்தோட்டை இறக்கத்துக்கு இன்னும் போகவில்லை. அதற்கு ஒன்றும் அவசரமில்லை என்று இருவருக்கும் ஒரு பேச்சு.

விஜிதா சித்திரையில் லைசன்சுக்கு விண்ணப்பம் போட்டாள். இப்போது பின்னேரங்களில் வயலோரத்துப் பள்ளிக்கூட மைதானத்தில் அவள் ஓட்டுகிறாள். யோகேந்திரன் ஹெல்மெட்டை இறுக்கிக் கட்டிக்கொண்டு பின்னால் உட்கார்ந்திருக்கிறான். "மெதுவா, மெதுவா விஜி" என்று அவன் சொல்லச் சொல்ல, அவள் மூன்றாம் கியருக்கு மாற்றுகிறாள்.