அம்மா உயரக் கட்டிய கயிறு

எங்கள் வீட்டுப் பின்பால்கனியில் இரண்டு கயிறுகள் இருந்தன. மேல் கயிற்றில் அப்பாவின் சட்டைகளும் லுங்கிகளும். இடுப்புயரத்தில் கட்டிய கீழ்க்கயிற்றில் அம்மாவின் தமெயின்களும் என்னுடையவையும். தமெயின் என்பது ரங்கூனில் பெண்கள் இடுப்பில் சுற்றிக்கொள்ளும் துணி. குழாய்போல மூட்டித் தைத்திருப்பார்கள். தொங்குகிற தமெயினுக்கு அடியில் நடந்துபோகும் ஆணின் மகிமை போய்விடும் என்பது அந்த ஊர் நம்பிக்கை. நாங்கள் எப்போதோ கப்பலில் வந்த தமிழர்கள்தான். ஆனாலும் இந்த விஷயத்தில் அம்மா பர்மியப் பெண்களைவிடக் கறாராக இருந்தாள்.

எனக்குப் பற்றிக்கொண்டு வரும். "ஒரு துணிக்குப் பயந்து ஓடிப்போற மகிமை, இருந்தா என்ன, இல்லாட்டி என்னம்மா?" என்று கேட்பேன்.

"வாயை அடக்குடி. உங்கப்பா தலைக்கு மேல என் துணி தொங்கணுமா? நாலு பேர் என்ன சொல்லுவாங்க?"

அந்த நாலு பேரை நான் இன்றுவரை பார்த்ததில்லை.

எண்பத்தெட்டில் எனக்குப் பத்து வயது. ராணுவம் சுட்டு, தெருவில் கூட்டம் சிதறி ஓடியபோது அம்மா கதவைச் சாத்தி என்னைக் கட்டிலுக்கு அடியில் தள்ளினாள். அங்கே கிடந்தபடி சிமெண்டுத் தரையில் கரித்துண்டால் கால்களை வரைந்தேன், ஓடுகிற கால்களை. என் ஓவிய வாழ்க்கை அங்கே தொடங்கியது என்று பிற்பாடு நண்பர்களிடம் பெருமையடித்திருக்கிறேன். உண்மையில் எனக்குப் பயமாக இருந்தது, கையைச் சும்மா வைத்திருக்க முடியவில்லை, அவ்வளவுதான்.

இருபதுகளில் கடைகளுக்குப் பெயர்ப்பலகை எழுதிப் பிழைத்தேன். மீதி நேரமெல்லாம் பங்க் இசைக் கூட்டத்தோடு. கப்பல் வேலையிலிருந்து திரும்பியவர்கள் கொண்டுவந்த கேசட்டுகளைத் தேயத் தேயக் கேட்டுவிட்டு, ஒரு பழைய கிடங்கில் கிதாரை அலறவிடுவார்கள். பின்திரை வரைவது என் வேலை. அந்த ஆண்கள் உலகத்தையே எதிர்த்துப் பாடுவார்கள். டீ வேண்டுமென்றால் மட்டும் என்னையும் டிரம் அடிக்கும் தோழியையும் திரும்பிப் பார்ப்பார்கள். நாங்கள் இருவரும் ஒருநாள் கெட்டிலைத் தூக்கி அவர்கள் நடுவில் வைத்துவிட்டுக் கிளம்பினோம். அன்றைக்கே நான் தலையையும் மழித்துக்கொண்டேன்.

மொட்டையோடு வீடு வந்தபோது கீழ்வீட்டு பர்மிய அக்கா நான் பிக்குணியாகிவிட்டேன் என்று நினைத்து ஒரு குவளை அரிசி கொடுத்தாள். எதிர்வீட்டுத் தமிழ் அத்தை எந்தக் கோயிலுக்கு வேண்டுதல் என்று விசாரித்தாள். அம்மா என்னை ஒரு சுற்று சுற்றிவந்து பார்த்தாள். "பேன் தொல்லையாவது விட்டுச்சு," என்று சொல்லி, அரிசியை வாங்கிக் களைந்து உலையில் போட்டாள்.

இரண்டாயிரத்து ஏழில் ராணுவ ஆட்சியை எதிர்த்துப் பிக்குகள் வெறுங்காலோடு தெருவில் நடந்தார்களே, அந்த மழைக்காலத்தில் மூன்று பெண்களை வரைந்தேன். ஒருத்தி என் டிரம் தோழி. இன்னொருத்தி ஊர் ஓரத்து லைங் தாயாவில் ஆயத்த ஆடை ஆலையில் தைப்பவள். மூன்றாமவள் ஆற்றுக்கு அக்கரை டாலாவிலிருந்து படகில் வந்து பூ விற்பவள். மூவரும் பிக்குகளுக்கு அரணாகக் கைகோத்து நடந்தவர்கள். கேன்வாசுக்கு வழியில்லாமல் அம்மாவின் பழைய தமெயின்களைக் கேட்டேன். "வெட்டாம வரை. பின்னால கட்டிக்கலாம்," என்று மூன்றைக் கொடுத்தாள். துணிக்குழாய்க்குள் பலகையைச் செருகி, பெயர்ப்பலகை எழுதும் எனாமல் பெயிண்டை மறுபுறம் ஊறாதபடி மெல்லப் பூசி ஒரு பக்கத்தில் மட்டும் வரைந்தேன்.

தைப்பவள் எங்கள் சமையலறையில் உட்கார்ந்துதான் என்னிடம் கெஞ்சினாள். "அக்கா, முகத்தை மட்டும் விட்டுடுங்க. அதை வச்சே பிடிச்சுடுவாங்க. எனக்கு ரெண்டு பிள்ளைங்க."

நான் கேட்கவில்லை. முகமில்லாத பெண்களை வரைய நான் எதற்கு என்று பெரிதாகப் பேசினேன். அவள் கன்னத்து மச்சம்வரை வைத்தேன். அந்த வீராப்பை நினைத்தால் இப்போதும் உடம்பு கூசுகிறது.

ராணுவம் ஊர்வலங்களை ஒடுக்கியபின், நடந்தவர்களைத் தேடி வீடுகளைச் சோதனை போட்டார்கள். ஒரு முற்பகலில் எங்கள் முன்பால்கனி மணி விடாமல் அடித்தது. பேப்பர்காரர் கூப்பிடுவதற்காக அந்த மணியில் கட்டி, எங்கள் மூன்றாம் மாடியிலிருந்து தெருவரை தொங்கவிட்டிருந்த கயிற்றைக் கீழ்வீட்டு அக்கா இழுத்துக்கொண்டிருந்தாள். வார்டுத் தலைவரும் இன்னும் இரண்டு ஆட்களும் முதல் மாடிக் கதவைத் தட்டிக்கொண்டிருந்தார்கள். ஓவியங்கள் சமையலறைச் சுவரில் சாய்ந்திருந்தன. எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. தைப்பவளின் இரண்டு பிள்ளைகள்தான் நினைவில் நின்றார்கள்.

அம்மா கைவேலையைப் போட்டுவிட்டு எழுந்தாள். பலகைகளை உருவினாள். தமெயின்களை உள்வெளியாகத் திருப்பினாள்; முகங்கள் உள்ளே போய்விட்டன. வாளித் தண்ணீரில் முக்கி எடுத்தாள். ஸ்டூலில் ஏறி, சமையலறை வாசலுக்குக் குறுக்கே உயரக் கயிறு கட்டி, மூன்றையும் சொட்டச் சொட்டத் தொங்கவிட்டாள். தலையில் படாமல் உள்ளே நுழைய இடமில்லை.

முன்னறையைப் புரட்டிவிட்டு அந்த வாசலுக்கு வந்த மூவரும் நின்றுவிட்டார்கள்.

"இதை எடுங்கம்மா," என்றார் வார்டுத் தலைவர்.

"முட்டி வலி, சயா," என்று பர்மிய மரியாதை போட்டாள் அம்மா. " ஏறிக் கட்டினதே பெரும்பாடு. நீங்களே எடுத்துடுங்க."

ஒருவர் கையை நீட்டி, மடக்கிக்கொண்டார். என்னை எடுக்கச் சொன்னார்கள்.

"அவளுக்கு இன்னிக்கு மூணாம் நாள். அடுப்படிப் பக்கம் வரக்கூடாது. எங்காளுங்க வழக்கம்," என்றாள் அம்மா.

எனக்கு அன்று மூன்றாம் நாளும் இல்லை, ஒன்றும் இல்லை. அந்த வழக்கத்துக்காகவும் அவளோடு எத்தனையோ சண்டை போட்டவள் நான். அன்று தலையைக் குனிந்துகொண்டு மூலையில் உட்கார்ந்திருந்தேன். அவர்கள் தள்ளி நின்றபடியே எட்டிப் பார்த்தார்கள். அடுப்பும் பெயிண்ட் டப்பாக்களும் தெரிந்தன. "பெயர்ப்பலகை எழுதற பொண்ணு," என்றார் வார்டுத் தலைவர். முன்னறையிலிருந்த என் கேசட்டுகளை அள்ளிக்கொண்டு இறங்கிப்போனார்கள்.

அம்மா ஸ்டூலில் உட்கார்ந்தாள். ஈரக் கையைத் தமெயினில் துடைத்தாள். "அந்தப் பொண்ணு அன்னிக்குச் சொன்னது என் காதுலயும் விழுந்துச்சு," என்றாள். "உன் காதுலதான் விழல." வெட்கமாக இருந்தது.

மதியம் அப்பா கடையிலிருந்து சாப்பிட வந்தார். சமையலறை வாசலில் அவரும் நின்றார். கயிற்றை அவிழ்க்க நான் எழுந்தேன். அம்மா என் கையைப் பிடித்து உட்காரவைத்தாள்.

"என்ன இது?" என்றார் அப்பா.

"துணி."

"இறக்கு."

"மூணு பொண்ணுங்க உயிரைக் காப்பாத்தின துணி. காயட்டும்," என்றாள் அம்மா. "சோறு உள்ள இருக்கு. வாங்க."

அப்பா துணியை அண்ணாந்து பார்த்தார். பிறகு மூக்குக்கண்ணாடியைக் கழற்றிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, ஈரத்துணி தலையில் உரச உள்ளே வந்து உட்கார்ந்தார். அம்மா சோறு போட்டாள். சாயங்காலம் பின்பால்கனியின் கீழ்க்கயிற்றை அவளே அவிழ்த்து, சுருட்டி, என் மடியில் போட்டாள்.