இரவல் போன கதவு

எங்கள் வீட்டு வாசல் கதவு கொஞ்சம் முரட்டுக் கதவு. இரட்டைக் கதவில் இடது பக்கத்தது தொய்ந்து போய்த் தரையில் உரசும். சும்மா தள்ளினால் நகராது. லேசாகத் தூக்கி, முழங்காலால் ஒரு தட்டு தட்ட வேண்டும். இத்தனை வருஷமாகக் குடியிருக்கிற எனக்கே அந்த வித்தை சரியாக வருவதில்லை.

போன ஞாயிற்றுக்கிழமை ஹாலில் பக்கத்து வீட்டுக்காரரோடு பேசிக்கொண்டிருந்தேன். திண்டிவனத்துக்குப் புதிதாகக் குடிவந்தவர். காலிங்பெல் அடிக்கவில்லை. 'சார்' என்று ஒரு குரல் இல்லை. சாத்தியிருந்த கதவு சத்தமே இல்லாமல் திறந்தது. மல்லாட்டை, அதாவது அவித்த வேர்க்கடலைப் பையோடு ரெஜினா உள்ளே வந்தாள். பின்னால் அவள் புருஷன், குழந்தை.

"அக்கா எங்க சார்?" என்று கேட்டாள். பதிலுக்குக் காத்திராமல் சமையலறைக்குள் போய்விட்டாள்.

பக்கத்து வீட்டுக்காரர் மிரண்டு போனார். "யார் சார் இவங்க? சொந்தமா?"

என்னவென்று சொல்வது? "கதவு வழியில சொந்தம்" என்றேன். மனிதர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். உங்களுக்காவது விளக்கமாகச் சொல்லிவிடுகிறேன்.

நெடுஞ்சாலையை நாலு வழியாக்கப் போகிறார்கள் என்று பேச்சு அடிபட்ட காலம். நான் தினமும் திண்டிவனத்திலிருந்து விழுப்புரத்துக்கு பஸ்ஸில் ஆபீஸ் போய் வந்துகொண்டிருந்தேன். ஒருநாள் அளக்கிறவர்கள் வந்தார்கள். ரோட்டோரத்து வீடுகளின் சுவரில் சிவப்பு பெயின்ட்டால் கோடு போட்டார்கள். கோட்டுக்கு இந்தப் பக்கம் ரோடு. அந்தப் பக்கம்... மிச்சம் ஏதாவது இருந்தால் வீடு.

'மெஷின் வர்றதுக்குள்ள வேண்டியதைப் பிரிச்சு எடுத்துக்குங்க' என்று யாரோ சொல்லிவிட்டுப் போனார்களாம். யார் சொன்னது, எப்போது மெஷின் வரும், ஒருத்தருக்கும் தெரியாது. ஆனால் 'திங்கக்கிழமை வருதாம்' என்று மட்டும் எல்லோருக்கும் தெரிந்திருந்தது!

அவ்வளவுதான். ரோடு முழுக்க ஒரே கடப்பாரைச் சத்தம். பஸ் ஜன்னலிலிருந்து பார்த்தால் ஒவ்வொரு வீடாக உரித்துக்கொண்டிருந்தார்கள். முதலில் ஓடு இறங்கும். அப்புறம் ஜன்னல். அப்புறம் உத்திரம், கைமரம். கிளியனூர் பக்கத்திலிருந்து பழைய மரம் வாங்குகிறவர்கள் வேனோடு வந்து காத்துக் கிடந்தார்கள். ஜேசிபி வந்திருந்தால்கூட இவ்வளவு ஜல்தியாக வேலை நடந்திருக்காது.

நான் அப்போதுதான் வீடு கட்டிக்கொண்டிருந்தேன். ஒரு வீட்டு வாசலில் 'கதவு ஜன்னல் விற்பனைக்கு' என்று சாக்பீஸில் எழுதியிருந்ததைப் பார்த்துவிட்டு அடுத்த ஸ்டாப்பில் இறங்கி நடந்தேன். அது ஞானப்பிரகாசத்தின் வீடு. வீட்டை ஒட்டியே சைக்கிள் கடை வைத்திருந்தார்.

அருமையான தேக்குக் கதவு. "நிலையும் சேத்துக் குடுங்களேன்" என்றேன்.

உள்ளேயிருந்து அவர் சம்சாரம் குரல் கொடுத்தார். "அது மட்டும் கேக்காதீங்க சார். ஆளுங்க குடியிருக்கிற வீட்ல நிலையைப் பேக்கக் கூடாது. மெஷின் வர்ற அன்னிக்கு எடுத்துக்குவோம்."

சரியென்று கதவை மட்டும் வாங்கி வந்தேன். ஆசாரியிடம் சொல்லி அந்த அளவுக்குப் புதிதாக நிலை செய்யச் சொன்னேன். சட்டைக்கு ஏற்ற மாதிரி ஆளைத் தேடுகிற கதைதான், என்ன செய்ய? கிரகப்பிரவேசம் ஜாம் ஜாமென்று நடந்தது. என் மனைவி வசந்தா கதவுக்கு மஞ்சள் பூசி, குங்குமம் வைத்து, மாவிலை கட்டினாள்.

அங்கே மெஷின் வந்ததா?

வரவில்லை!

ஏதோ கேஸ் என்றார்கள். காண்ட்ராக்ட் கைமாறிவிட்டது என்றார்கள். மாதங்கள் ஓடின. ரோடு நெடுக வீடுகள் கதவில்லாமல், ஜன்னலில்லாமல் பொக்கை வாயோடு நின்றன. ஜனங்கள் அதற்குள்ளேயே சமைத்தார்கள், தூங்கினார்கள். சிலர் வாசலில் சேலை கட்டினார்கள். ஞானப்பிரகாசம் எங்கிருந்தோ ஒரு ஃப்ளெக்ஸ் பேனர் கொண்டுவந்து தொங்கவிட்டிருந்தார். யார் வீட்டுக் காதுகுத்து விழாவோ தெரியாது. ஒரு குண்டுக் குழந்தை 'வருக வருக' என்று சிரித்துக்கொண்டிருந்தது. காற்றடித்தால் குழந்தை படபடக்கும். ஆடு உள்ளே போய்விட்டு வரும். நானும் தினமும் பஸ்ஸிலிருந்து பார்ப்பேன். மெஷின் இடித்தது பிற்பாடு. வரப்போகிறது என்ற பேச்சு அதற்கு முன்பே பாதி வீட்டை இடித்துவிட்டது.

அப்படி ஒரு சனிக்கிழமை மாலை ஞானப்பிரகாசம் எங்கள் வீட்டு வாசலில் வந்து நின்றார். உட்காரச் சொன்னேன். உட்காரவில்லை. கதவையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"சார், தப்பா நினைச்சுக்காதீங்க. கதவு ஒரு நாளைக்கு வேணும் சார்."

"எந்தக் கதவு?"

"இதான் சார். நாளைக்கு எம் பொண்ணு ரெஜினாவைப் பாக்க வர்றாங்க. வாசல்ல காதுகுத்து பேனர் தொங்கிக்கினு இருக்குது. வர்றவங்க இன்னா நினைப்பாங்க? சாயங்காலமே திருப்பிக் குடுத்துடறேன் சார்."

உள்ளேயிருந்து வசந்தா வந்துவிட்டாள். என்னைப் பார்த்துத்தான் பேசினாள். "ஏங்க, பூஜை போட்டு மாட்டின வாசக் கதவை யாராவது இரவல் குடுப்பாங்களா? ஊர் உலகத்துல இப்படி உண்டா?"

நியாயமான கேள்வி. மிக்ஸி இரவல் கேட்பார்கள், ஏணி கேட்பார்கள். வாசல் கதவை?

ஞானப்பிரகாசம் தலையைக் குனிந்துகொண்டார். "போன மாசமும் ஒரு எடத்துலேர்ந்து வந்தாங்கம்மா. வாசல் வரைக்கும் வேன்ல வந்துட்டு, பேனரைப் பாத்துக்கினே இருந்தாங்க. எறங்கவே இல்ல. அப்படியே திருப்பிக்கினு போயிட்டாங்க. பொண்ணு பட்டுப் புடவை கட்டிக்கினு பேனர் பின்னாடி நின்னு பாத்துக்கினு இருந்துச்சு. ஒரே பேஜாராப் போச்சும்மா."

வசந்தா கதவில் பூசிய மஞ்சளைத் தொட்டுப் பார்த்தாள். அப்புறம் சொன்னாள்: "கதவைத் தர்றேன். ஆனா நானும் கூட வருவேன். மஞ்ச குங்குமத்தைத் துடைக்கக் கூடாது."

மறுநாள் காலை ஆசாரி கீலைக் கழற்றினார். எங்கள் வாசலுக்கு என் மைத்துனனை நாற்காலி போட்டு உட்கார வைத்தோம். ஆள் கிட்டத்தட்ட கதவு அளவுக்கு இருப்பான், நல்லவேளை. நானும் வசந்தாவும் குட்டி யானை வேனில் கதவோடு போனோம்.

கதவு பழைய நிலையில் கச்சிதமாகப் போய் உட்கார்ந்தது. இடது பக்கம் அங்கேயும் பழையபடி தரையில் உரசியது. ஒரு மாதாகோயில் குடும்பத்து வீட்டில் மஞ்சள் குங்குமத்தோடு வாசல் கதவு! மாவிலையை மட்டும் கழற்றலாமா என்று ஞானப்பிரகாசம் கையைத் தூக்கினார். வசந்தா பார்த்த பார்வையில் கையை இறக்கிக்கொண்டார்.

அவருக்கு இன்னொரு பயமும் இருந்தது. மாப்பிள்ளை வீடும் இதே ரோட்டில், விழுப்புரத்துக்குப் பக்கத்தில்தான். 'நாங்க எப்ப வீடு பாக்க வர்றது?' என்று கேட்டால், 'அப்புறம் பாத்துக்கலாம்' என்று தட்டிக்கழித்தார்களாம். ஏதாவது வில்லங்கமோ?

வந்தார்கள். வேனிலிருந்து இறங்கினார்கள். அதைப் பார்த்தே ஞானப்பிரகாசத்துக்குப் பாதி உயிர் திரும்பிவிட்டது. கேசரி, மிக்சர், காபி. எல்லாம் நல்லபடியாகத்தான் போனது. ஆனால் மாப்பிள்ளையின் அப்பா மட்டும் கதவையே பார்த்துக்கொண்டிருந்தார். எழுந்து போய்த் தடவினார். மாவிலையைப் பார்த்தார். குங்குமத்தைப் பார்த்தார். புது ஸ்குரூவைப் பார்த்தார்.

"கதவு உங்களுதுங்களா?"

ஞானப்பிரகாசம் அண்ணாந்து பார்த்தார். சுவரில் இருதய ஆண்டவர் படம். அதற்கு நேர் கீழே உட்கார்ந்துகொண்டு பொய் சொல்ல அவருக்கு வரவில்லை. வசந்தா என் கையைக் கிள்ளினாள். நான் என்ன செய்வேன்? காபியைக் குடித்தேன். டம்ளர் காலியாகி ரொம்ப நேரமாகியிருந்தது.

தட்டோடு நின்றிருந்த ரெஜினாதான் பேசினாள்.

"எங்களுது இல்லீங்க. எங்களுதாத்தான் இருந்துச்சு, வித்துட்டோம். மெஷின் வருதுன்னாங்க, வரல. நீங்க வர்றீங்கன்னு இன்னிக்கு மட்டும் கேட்டு வாங்கியாந்தோம். பேனரைப் பாத்துட்டு நீங்களும் வேனைத் திருப்பிடுவீங்களோன்னுதான்."

சொல்லிவிட்டுத் தட்டை டேபிளில் வைத்தாள். வெளியே ஒரு லாரி போனது.

முதலில் சிரித்தது மாப்பிள்ளையின் அம்மா. வாயைப் பொத்திக்கொண்டு அப்படி ஒரு சிரிப்பு. மாப்பிள்ளை தரையைப் பார்த்தான். அப்பா மெதுவாக வந்து உட்கார்ந்தார்.

"வீடு பாக்க உங்களை ஏன் கூப்புடலன்னு நினைச்சீங்க? நீங்க கதவைத்தான் வித்தீங்க. நான் கூரை ஓடெல்லாம் சேத்து வித்துட்டேன். தார்ப்பாய் கட்டிக்கினு படுத்திருக்கிறோம். மழை வந்தா ராத்திரியில குடை புடிக்கிறோம். உங்க கதவைப் பாத்ததும் பயந்துட்டேன். கதவோட இருக்கிறவங்க நமக்கு எப்படிப் பொண்ணு குடுப்பாங்கன்னு!"

அப்புறம் யார் யார் எதை விற்றோம் என்று இரண்டு வீட்டாரும் பேச ஆரம்பித்தார்கள் பாருங்கள்... நிச்சயத் தேதி குறிக்கவே மறந்துவிட்டார்கள். வசந்தாதான் ஞாபகப்படுத்தினாள்.

கிளம்பும்போது அவளே, "நிச்சயம் முடியற வரைக்கும் கதவு இங்கேயே இருக்கட்டும்" என்றாள். எனக்கு நாற்காலியில் இருந்த மைத்துனன் ஞாபகம் வந்தது.

"எடுத்துக்கினு போங்கக்கா. இனிமே யாருக்குக் காட்டணும்?" என்றாள் ரெஜினா. கழற்றுவதற்கு முன்னால் ஒருமுறை கதவைத் தூக்கி, முழங்காலால் தட்டிச் சாத்தினாள். திறந்தாள். கொஞ்ச நேரம் அதைப் பிடித்துக்கொண்டே நின்றாள்.

கல்யாணத்துக்கு அப்புறம் ஒருவழியாக மெஷின் வந்தது. கோட்டுக்கு அந்தப் பக்கமும் சேர்ந்தே போனது. நிலையை எடுக்க நேரமில்லாமல் போய்விட்டது என்று ஞானப்பிரகாசத்தின் சம்சாரம் ரொம்ப நாள் வருத்தப்பட்டார். அந்த இடம் வரும்போது இப்போதும் பஸ்ஸில் நான் திரும்பிப் பார்க்கிறேன். கேசரி சாப்பிட்ட ஹாலின் மேல் வண்டிகள் சர் சர்ரென்று போகின்றன.

உரசுகிற கதவை இழைத்துத் தருகிறேன் என்று ஆசாரி நாலைந்து தடவை கேட்டுவிட்டார். வசந்தா விடுவதாக இல்லை.

ஞாயிற்றுக்கிழமை அவர்கள் கிளம்பிப் போனதும் பக்கத்து வீட்டுக்காரர் கேட்டார்: "எல்லாம் சரி சார். ஒரு பெல் அடிச்சுட்டு வரக் கூடாதா?"

பிறந்த வீட்டுக்குள் நுழையும்போது எந்தப் பெண் சார் பெல் அடிப்பாள்?